நாயும் பூனையுமா மழையாகப் பெய்யும்?

"அம்மா, 'கிக் தி பக்கெட்'னா என்னம்மா?"

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை இப்படிக் கேட்டால், அடுப்படியில் நிற்கும் தாய் என்ன பதில் சொல்வாள்? 'கிக்' என்றால் உதைப்பது. 'பக்கெட்' நம் குளியலறையிலேயே இருக்கிறது. "வாளியை உதைக்கிறதுடா கண்ணா" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாள். மறுநாள் பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி! ஏனென்றால் வாளியை உதைத்தான் என்றால் இங்கிலீஷில் அர்த்தம், ஆசாமி செத்துப்போனான்.

இங்கிலீஷில் கடினமான வார்த்தை வந்தால் பயமே இல்லை, சகோதரிகளே. அகராதியைப் புரட்டினால் ஆயிற்று. சுலபமான வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. நாய், பூனை, வாளி, கால், ஆப்பிள் எல்லாம் எல்.கே.ஜி. பாடம். ஆனால் இவற்றை நாலு நாலாகச் சேர்த்துக் கட்டிவிட்டால், தனித்தனியே எந்த வார்த்தையிலும் இல்லாத ஓர் அர்த்தம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவற்றைத்தான் 'இடியம்' என்கிறார்கள். நம் இலக்கண வாத்தியார்கள் மரபுத்தொடர் என்பார்கள்.

எங்கள் குடியிருப்பில் ஐந்து பெண்கள் சேர்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக் கடை முடிந்து பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகு ஒரு மணி நேரம் இங்கிலீஷ் படிக்கிறோம். டீச்சர் என்று யாரும் கிடையாது. என்னிடம் நாலு பழைய அகராதிகள் இருப்பதால் நான்தான் முன்னால் உட்காருவேன், அவ்வளவுதான். ஐவரில் மூன்று பேர் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். பிள்ளைகளோ இங்கிலீஷ் மீடியம். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீ சும்மா இரு" என்று பத்து வயசுப் பிள்ளை சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. பெற்ற பிள்ளை பரிகாசமாகத்தான் சொல்கிறது. ஆனாலும் எங்கே போய்க் குத்துகிறது என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் நோட்டில் ஒரே ஒரு விதி உண்டு. இங்கிலீஷ் மரபுத்தொடர் ஒன்றை எழுதினால், அதற்கு எதிரே நம்முடையது ஒன்றை எழுதியாக வேண்டும். 'கிக் தி பக்கெட்' வந்த அன்று, "இதென்ன பைத்தியக்காரத்தனம்! சாகிறவன் எதுக்கு வாளியை உதைக்கணும்?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ஐவரில் மூத்தவரான எழுபது வயசுப் பாட்டியம்மாள் நிதானமாகச் சொன்னார்: "நம்ம ஊர்ல 'மண்டையைப் போட்டுட்டான்'னு சொல்றோமே, எங்கே போட்டான்? யாரு எடுத்தா?"

சிரித்து முடிக்க எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. நம் தொடர் நமக்குப் பழகிவிட்டதால் அதிலுள்ள கூத்து நம் கண்ணில் படுவதில்லை. அவர்களுடையது படுகிறது. 1785ல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இந்த வாளி உதைப்பு இடம்பெற்றுவிட்டது. அது குளிக்கிற வாளியே அல்ல, அறுத்த பன்றியைக் கட்டித் தொங்கவிடும் உத்தரத்துக்கு இங்கிலாந்தின் சில பகுதிகளில் 'பக்கெட்' என்று ஒரு பெயர் இருந்தது, உயிர் போகும்போது பன்றி அதை உதைத்ததிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அது எப்படியோ போகட்டும். கவனிக்க வேண்டியது வேறு. இரண்டுமே மட்டு மரியாதையில்லாத பேச்சு. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் "உங்கப்பா எப்ப மண்டையைப் போட்டார்?" என்று கேட்போமா? அதேபோல, இறந்தவரைப் பற்றி மரியாதையாக எழுதுகிற கடிதத்தில் வாளியை உதைக்கக் கூடாது. நம் 'காலமானார்' போல அவர்களுக்கு 'பாஸ்ட் அவே' இருக்கிறது. பிள்ளைகளுக்கு அர்த்தத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றன.

மழைக்கு வருவோம். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றால் அடைமழை கொட்டுகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாயும் பூனையும் வைக்கோல் கூரைமேல் படுத்திருக்கும், மழையில் வழுக்கிக் கீழே விழும், அதனால்தான் இப்படி என்று ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கூரை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேளுங்கள். மழை பெய்தால் நாய் கூரைமேல் ஏறுமா, திண்ணைக்கு ஓடிவருமா? கல்லிவரின் கதையை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1738ல் வெளியான இன்னொரு நூலில் இந்தத் தொடரை இன்றைய உருவத்திலேயே எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே ஜனங்கள் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏன் நாய், ஏன் பூனை என்பதற்கு நிச்சயமான காரணம் யாரிடமும் இல்லை. நாம் பேய் மழை என்கிறோம். பேய் எப்போது மழையாகப் பெய்தது?

எனக்கு ரொம்பப் பிடித்தது வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி. 'பட்டர்ஃப்ளைஸ் இன் தி ஸ்டமக்' என்பார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளை, மேடை ஏறும் பெண், பெண் பார்க்க வருகிற நாளில் உள்ளறையில் உட்கார்ந்திருப்பவள், எல்லோருக்கும் அது வரும். நாம் என்ன சொல்வோம்? "வயித்துல புளியைக் கரைக்குது!" அவர்களுக்கு அங்கே பூச்சி பறக்கிறது, நமக்குப் புளி கரைகிறது. இடம் மட்டும் இருவருக்கும் அதே வயிறுதான். இதில் கற்பனை பாதிதான், மீதி உடம்பின் நிஜம். பயம் வந்தால் அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ கை கால் தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகத் தேவைப்படுவதால், வயிறு, குடல் பக்கம் போகிற ரத்தம் குறைகிறது. குடலைச் சுற்றி நரம்புகள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. அங்கே ஏற்படும் மாற்றம் சட்டென்று நமக்குத் தெரிகிறது. ஆகவே பரீட்சை நாள் காலையில் பிள்ளை "வயித்தை என்னமோ பண்ணுதும்மா" என்றால், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சாக்கு என்று உடனே அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். பத்துத் தடவை விட்டால் பூச்சி அடங்கும். புளியும்தான்.

பெண்கள் விஷயத்தில் இரண்டு மொழியும் போட்டி போடுகின்றன. எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மா, மகள் பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டே, "உங்கள் பெண் அவனில் பன் வைத்திருக்கிறாளாமே!" என்றாளாம். இவர் பதறிப்போய், "பன்னெல்லாம் இல்லை, எங்கள் வீட்டில் இட்லிதான்" என்று தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்துச் சொல்லியிருக்கிறார். 'பன் இன் தி அவன்' என்றால் வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று பொருள். சூட்டில் வைத்த மாவு மெல்ல உப்பி எழும்புகிற மாதிரி! கேட்டவுடன் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பாட்டியம்மாள், "நாம 'அவ முழுகாம இருக்கா'ங்கறோமே, அதை அந்த வெள்ளைக்காரியிடம் வார்த்தைக்கு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்றார். பாவம், குளிக்காமல் இருப்பதற்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம், எதற்கு வளைகாப்பு என்று அவள் தலையைப் பிய்த்துக்கொள்வாள். மாதாமாதம் தலை முழுகுகிற வழக்கம் இருந்த வீட்டில்தான் முழுகாததற்கு அர்த்தம் உண்டு. ரொட்டி சுடுகிற வீட்டில்தான் பன்னுக்கு அர்த்தம் உண்டு. அகராதி தெரிந்தால் மட்டும் போதாது, அந்த வீட்டு அடுப்படியும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாமே இப்படி எதிரும் புதிருமாக இருப்பதில்லை. செல்லப் பிள்ளையை இங்கிலீஷில் 'ஆப்பிள் ஆஃப் மை ஐ' என்கிறார்கள். கண்ணில் ஆப்பிளா என்று திகைக்க வேண்டாம். கண்ணின் கருமணி, ஆப்பிள் மாதிரி கெட்டியான ஓர் உருண்டை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். ஆகவே கண்ணின் ஆப்பிள் என்றால் கண்மணியேதான். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தொடர் இது. இன்னும் ஒரு விசேஷம் பாருங்கள். கருமணிக்கு இங்கிலீஷில் 'ப்யூப்பில்' என்று பெயர். அது 'ப்யூப்பில்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு அர்த்தம் சின்னப் பெண், பொம்மை. தமிழில் கருமணிக்கு என்ன பெயர்? பாவை! பாவை என்றாலும் பொம்மைதான், பெண்தான். ரோமாபுரிக்காரனும் தமிழனும் பேசிவைத்துக்கொண்டா பெயர் வைத்தார்கள்? குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் அதன் கண்ணுக்குள் உற்றுப் பாருங்கள். கருமணிக்குள் பொம்மை அளவில் ஓர் உருவம் தெரியும். அது நீங்கள்தான். இரண்டு ஊர்த் தாய்மார்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்றுபோலத் தோன்றி வேறாக முடிகிற தொடர்கள்தான் ஆபத்து. புதிதாகக் கல்யாணமாகி பெங்களூருக்குக் குடித்தனம் போன ஒரு பெண். கணவனோடு வேலை பார்ப்பவரின் மனைவி ஏதோ விளையாட்டாகச் சொல்லிவிட்டு, "ஐ வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்" என்றாள். நம் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. நமக்குக் காலை வாருவது என்றால் நம்ப வைத்துக் கவிழ்ப்பது அல்லவா? அவர்களுக்கோ காலை இழுப்பது வெறும் கேலி. இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கமே இவள் போகவில்லை. கடைசியில் கணவன்தான் விளக்கிச் சொல்லிச் சமாதானம் செய்து வைத்தான். ஒரு நல்ல சிநேகிதம் இப்படி வார்த்தையால் கெட இருந்தது. 'கோல்ட் ஷோல்டர்' என்று இன்னொன்று உண்டு. அது குளிர்ந்த தோளல்ல. முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்குவது.

மேடை ஏறப்போகிறவரிடம் 'பிரேக் எ லெக்' என்பார்கள். காலை உடைத்துக்கொள்! நம் வீட்டில் சொன்னால் வாயைக் கழுவச் சொல்வார்கள். நல்லது சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்து கெட்டதைச் சொல்லும் நாடகக்காரர்களின் நம்பிக்கை என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. நமக்கு இது புதிதா? தவமிருந்து பெற்ற பிள்ளைக்குக் குப்பை, பிச்சை என்று பெயர் வைத்தவர்கள்தானே நம் பாட்டிமார்கள்! கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதும் அதே கணக்குத்தான்.

இங்கிலீஷிலிருந்து சில தொடர்கள் சத்தமில்லாமல் நம் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டன. "பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது" என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அது அவர்கள் கோணிப்பையிலிருந்து குதித்த பூனை. நம்முடையது 'குட்டு வெளிப்பட்டது'. முதலைக் கண்ணீரும் அப்படி வந்ததுதான். நமக்கு நீலிக் கண்ணீர் இருக்கும்போது முதலையை எதற்குக் கூப்பிட்டோமோ!

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஐந்து, ஆறு வயசில் குழந்தை சொன்னதைச் சொன்னபடியேதான் எடுத்துக்கொள்ளும். "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றால், "வாயை மூடிட்டா எப்படிம்மா சாப்பிடறது?" என்று கேட்கும். அது எதிர்த்துப் பேசுவதல்ல. உள்ளர்த்தம் பிடிபடுகிற திறமை பள்ளி வயசில் படிப்படியாக வளர்ந்து, பன்னிரண்டு, பதின்மூன்று தாண்டியும் வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இருபது இடியம் கொண்ட பட்டியலைக் கொடுத்து நெட்டுருப் போடச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. வாரத்துக்கு ஒன்று போதும். அதையும் கதையாகச் சொல்லி, தமிழில் நாம் இதற்கு என்ன சொல்வோம் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பாட்டியிடம் போய்க் கேட்கட்டும். எங்கள் வீடுகளில் "உனக்கு ஒண்ணும் தெரியாது" குறைந்துபோனது இப்படித்தான். வளர்ந்த பிள்ளையும் எந்தக் கேலியையும் உள்ளர்த்தத்தையும் பிடிக்கத் தெரியாமல், கூடவே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகவும் சிரமப்பட்டால், அதட்டாமல் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. வைத்தியத்தில் வருகிற இங்கிலீஷ் மட்டும் வேடிக்கை அல்ல. 'ரிங்வேர்ம்' என்று டாக்டர் சொன்னால் புழுவைத் தேடாதீர்கள். அது பூஞ்சைக் காளானால் வருகிற சரும நோய், நம்முடைய படர்தாமரை. அதில் புழுவும் இல்லை, இதில் தாமரையும் இல்லை. பூச்சி மருந்து கொடுத்தால் போகாது. 'மார்னிங் சிக்னஸ்' என்கிற மசக்கை காலையில் மட்டும் வருவதல்ல. ராத்திரி பத்து மணிக்கு வாந்தி எடுத்தாலும் அதே பெயர்தான். 'சிக்கன் பாக்ஸ்'க்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை. நாம் "அம்மா விளையாடறா, முத்துப் போட்டிருக்கு" என்கிறோமே, அதை ஓர் இங்கிலீஷ்காரர் சொல்லுக்குச் சொல் கேட்டால் ஏதோ நகைக் கடை சமாசாரம் என்றுதான் நினைப்பார்!

'ஹார்ட்பர்ன்' என்பதில் இதயமும் இல்லை, நெருப்பும் இல்லை. இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக் குழாய்க்குள் மேலேறுவதால் வருகிற எரிச்சல் அது. நம் நெஞ்செரிச்சலும் அதேதான். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, நெஞ்சில் எது வந்தாலும் வாயுதான், எரிச்சல்தான் என்று பெருங்காயத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிற பெண்கள் நம்மில் அதிகம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோடு, சில சமயம் அது பெரிதாகத் தெரியாமலே, மூச்சு முட்டல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ கையிலோ வலி, காரணமில்லாத அசதி என்று வரலாம். சந்தேகமாக இருந்தால் பெயரைப் பற்றி யோசிக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் ஒருத்தியின் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் தடித்த எழுத்தில் 'பேபி ப்ளூஸ்'. குழந்தை நீலமாகிவிடும் என்கிறார்களோ என்று அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு ராத்திரி தூங்காமல், விளக்கைப் போட்டுப் போட்டுக் குழந்தையின் உதட்டையும் நகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நடுநடுவே காரணமே இல்லாமல் அழுகை வேறு. மூன்றாம் நாள் அவள் அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் மத்தியான வகுப்புக்கே வந்துவிட்டாள். முழுக்கப் படித்துப் பார்த்தோம். அது குழந்தையைப் பற்றியதே அல்ல, தாயைப் பற்றியது.

இங்கிலீஷில் நீலம் என்றால் சோகம். பிரசவமான இரண்டு மூன்று நாளில் வருகிற அழுகை, எரிச்சல், தவிப்பு ஆகியவற்றுக்குத்தான் 'பேபி ப்ளூஸ்' என்று பெயர். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருகிறது. சுரப்புகள் திடீரென்று மாறுவதும் தூக்கக் குறைவும் சேர்ந்து செய்கிற வேலை அது. தாய்க்குக் கொழுப்பும் இல்லை, பேயும் பிடிக்கவில்லை. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால், பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அதே இரண்டு வார்த்தைகளை இடம் மாற்றி 'ப்ளூ பேபி' என்று போட்டுவிட்டால் முற்றிலும் வேறு விஷயம். அங்கே நீலம் நிஜமான நீலம். இதயக் கோளாறால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து, குழந்தையின் உதடும் நாக்கும் நீலம் பாய்வது. அமெரிக்காவில் ஹெலன் டாஸிக் என்ற பெண் டாக்டர் யோசனை சொல்ல, விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் வழிமுறையைச் செய்து பார்க்க, ஆல்ஃபிரட் பிளாலாக் 1944 நவம்பரில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்காக முதல் அறுவை சிகிச்சை செய்தார். குழந்தையின் உதடோ நாக்கோ நீலமாகத் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாங்கள் படித்துச் சொன்னதும் அந்தத் தாய் வீட்டுக்குப் போய் மகளிடம், "குழந்தைக்கு ஒண்ணுமில்லைடி, உனக்குத்தான். நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்" என்றாளாம். பதினாறாம் நாளும் அழுகை நிற்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். இப்போது தேறி வருகிறாள். குழந்தையும் சௌக்கியம்.

எங்கள் நோட்டில் 'பேபி ப்ளூஸ்' என்பதற்கு எதிர்ப்பக்கம் மட்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பாட்டியம்மாளுக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை. பிள்ளை பெற்றவள் அழுகிற அந்த அழுகைக்கு உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது பெயர் உண்டா? இருந்தால் எழுதுங்களேன்.